பொன்னாடை போதுமா?

வென்று வந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதில் நம் சமுதாயத்தார் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். மேடை கட்டுவார்கள், ஒலிபெருக்கி வைப்பார்கள், மாலை மரியாதை செய்வார்கள், "நம் சமுதாயத்தின் மாணிக்கம்" என்று வாயார வாழ்த்துவார்கள். வாழ்த்துவது நல்ல பண்பே. அதனைக் குறை கூற நாம் வரவில்லை. அந்த மாணிக்கம் மண்ணுக்குள் கிடந்த நாளில் நாமெல்லாம் எங்கே இருந்தோம் என்னும் கேள்வியைத்தான் இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகிறோம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்க நாட்டின் கலிஃபோர்னியாவில் ஆறாவது உலகக் கோப்பைக் கேரம் போட்டி நடைபெற்றது. சென்னைப் புதுவண்ணாரப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த காசிமா என்னும் 17 வயது நங்கை அதில் கலந்துகொண்டு, தனியாட்டம், இரட்டையர் ஆட்டம், குழு ஆட்டம் ஆகிய மூன்றிலும் பொற்பதக்கம் வென்று திரும்பினார். அவருடைய தகப்பனார் ஆட்டோ ஓட்டிக் குடும்பம் காப்பவர். தமிழக அரசு பின்னர் 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கி அவரைச் சிறப்பித்தது.

செய்தி நம் புதுவைக்கும் வந்தது. முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் சில நாட்கள் அதுவே பேச்சாயிருந்தது. தொழுகை முடிந்து செருப்புத் தேடும் வேளையிலும் பெரியவர்கள் அந்தப் பிள்ளையைப் பற்றியே பேசினார்கள். நமக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சியின் சூடு ஆறுமுன்பே, ஒரு விழா மேடையில் பேச்சாளர் ஒருவர் உரைத்ததைக் கேட்க நேர்ந்தது. "பார்த்தீர்களா! ஏழ்மைதான் அந்தப் பிள்ளையை உருவாக்கிற்று. கஷ்டம்தான் உண்மையான ஆசான். பிள்ளைகளுக்கு வசதிகளைக் கொடுத்துக் கெடுக்காதீர்கள்" என்றார் அவர். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. விழா முடிந்து விருந்துக்கு அமர்ந்தபோது, கைதட்டியவர்களுள் ஒருவர் அருகிலிருந்தவரிடம் மெல்லச் சொன்னதும் நம் காதில் விழுந்தது: "அதெல்லாம் பட்டணத்துக்குச் சரி; நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டெல்லாம் ஒத்துவராது."

மேடையில் ஒரு பேச்சு. விருந்தில் மற்றொரு பேச்சு. இரண்டும் வெவ்வேறாகத் தோன்றினாலும் இரண்டின் பயனும் ஒன்றே. முன்னது, "ஏழைப் பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம்" என்கிறது. பின்னது, "பெண் பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது" என்கிறது. இரண்டையும் மறுப்பதே நம் நோக்கம்.

வறுமை ஆசானா?

வறுமை ஆசானாக இருக்குமாயின், அந்த ஆசானிடம் பாடம் கேட்போருக்கு இந்நாட்டில் என்ன குறைவு? மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் வீடுகளில் வறுமை இல்லையா? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலை நம்பி வாழும் கூலிக் குடும்பங்களில் வறுமை இல்லையா? நம் புதுவையில், மீன் சுமந்தும் மூட்டை தூக்கியும் பிழைப்போர் குடிசைகளில் இல்லாத வறுமையா? அங்கெல்லாம் ஏன் கேரம் வீராங்கனைகள் வரிசை வரிசையாகத் தோன்றவில்லை? பேச்சாளர் இதற்கு விடை கூறட்டும்.

சென்னையின் கேரம் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். மரிய இருதயம் 1991லும் 1995லும் உலக வாகையர் பட்டம் வென்றவர். கேரம் ஆட்டத்துக்காக 1996இல் அர்ஜுனா விருது பெற்றவர். வியாசர்பாடியில் எளிய குடும்பமொன்றில் பிறந்த இளவழகி, 2008இல் பிரான்சு நாட்டின் கான் நகரில் உலக வாகையரானவர். 2024இல் புதுவண்ணாரப்பேட்டைக் காசிமா. 2025 டிசம்பரில் மாலத்தீவில் நடந்த அடுத்த உலகக் கோப்பையில் தங்கம் வென்ற கீர்த்தனாவோ காசிமேட்டுக்காரர். வியாசர்பாடி, புதுவண்ணாரப்பேட்டை, காசிமேடு மூன்றும் வடசென்னையில் ஒன்றுக்கொன்று எட்டும் தொலைவில் உள்ளவை. உலகத்து வறுமையெல்லாம் அந்தச் சில கல் தொலைவுக்குள்தான் குடியிருக்கிறதா?

இல்லை. அங்கே கேரம் பலகை குடியிருக்கிறது. தெருவுக்குத் தெரு பலகை உண்டு. பலகைக்கு மேல் விளக்குண்டு. ஆட்டம் தெரிந்த பெரியவர் உண்டு. பக்கத்துத் தெருவில் தோற்கடிக்க வேண்டிய எதிராளியும் உண்டு. காசிமாவின் தகப்பனார் ஆட்டோ ஓட்டுநர் என்பதைத்தான் எல்லோரும் எழுதினார்கள். அவரே கேரம் ஆட்டம் அறிந்தவர். தம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அதனைப் பயிற்றுவித்தும் வந்தவர். "ஆட்டோ ஓட்டுநர் மகள் வென்றார்" என்பது பாதி உண்மை. "ஆசானின் மகள் வென்றார்" என்பது மற்றைய பாதி. முதற் பாதியைச் சொன்னால் நமக்குக் கண்ணீர் வரும். கைதட்டிவிட்டு வீடு திரும்பலாம். இரண்டாம் பாதியைச் சொன்னால், "நம் தெருவில் அத்தகைய ஆசான் யார்? பலகை எங்கே?" என்னும் கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் முதற் பாதியோடு கதையை முடித்துக்கொள்கிறோமோ என்று நாம் ஐயுறுகிறோம்.

கேரம் ஆட்டத்தை அற்பமாக எண்ணுவோர்க்கு ஒரு சொல். 74 சென்டிமீட்டர் சதுரப் பலகை. ஒன்பது வெள்ளைக் காய், ஒன்பது கறுப்புக் காய், நடுவில் ஒரு சிவப்பு. சிவப்பைக் குழியில் போட்டால் மட்டும் அது சொந்தமாகாது. அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும் போட்டு அதனை உறுதிசெய்ய வேண்டும். விரல் நுனியின் ஒரு தட்டலில் ஸ்டிரைக்கர் எந்த விளிம்பில் மோதி, எக்கோணத்தில் திரும்பி, எந்தக் காயை எத்துணை வேகத்தில் தொட வேண்டும் என்பதைக் கண்ணும் கையும் கணக்கும் ஒருங்கே தீர்மானிக்கின்றன. இது பசியால் வருகிற வித்தையன்று. பல்லாயிரம் தடவை பலகை முன் அமர்ந்து வருகிற வித்தை. பலகைமுன் அமர வேண்டுமாயின் முதலில் பலகை வேண்டும். அமர்வதற்கு இடம் வேண்டும். "எழுந்து போ" என்று விரட்டாத பெரியவர்கள் வேண்டும்.

கேரம் மட்டுந்தானா என்று கேட்போர்க்காக மற்றொருவரைச் சுட்டுவோம். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் 1995இல் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்துச் சக்கரத்தில் சிக்கி வலக்காலின் ஆற்றலை இழந்தவர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டார்; தாயார் காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பிள்ளை 2016இல் ரியோ நகரின் பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2021இல் டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம் என மூன்று பாராலிம்பிக்கிலும் வெறுங்கையோடு திரும்பவில்லை. காலை முறித்த சக்கரமா அவரை உயரத் தாண்டச் செய்தது? பள்ளியில் இந்தப் பிள்ளையின் திறமையை ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் கண்டுகொண்டார்; பின்னர்ப் பயிற்சியாளர் ஒருவர் கைப்பிடித்துச் சென்றார். மாரியப்பனுக்கே இது நன்கு தெரியும். ஆகவேதான் பரிசுப் பணம் கைக்கு வந்ததும், தாம் படித்த பள்ளிக்கு 30 லட்சம் ரூபாயை அவர் வழங்கினார். துன்பமே ஆசான் என்று அவர் நம்பியிருப்பாராயின், அப்பள்ளிப் பிள்ளைகளை இன்னும் துன்பத்திலேயே விட்டிருப்பாரல்லவா?

நம் புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். 1954 நவம்பர் முதல் நாள் அவ்வாட்சி கைமாறிய பின்னரும், பிரெஞ்சுக் குடியுரிமையுடைய குடும்பங்கள் இங்கு நம்மிடையே வாழ்கின்றன. ஆகவே பிரான்சுக் கால்பந்தாட்ட வீரர் ஜினெதின் ஜிதானின் பெயர் நம்மூரார்க்குப் புதிதன்று. அல்ஜீரியாவின் மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போன முஸ்லிம் பெற்றோருக்கு 1972இல் மார்சேய் நகரில் பிறந்தவர் அவர். ஏழைத் தொழிலாளர் குடியிருப்பின் காரைத் தரையில் பந்துதைத்து வளர்ந்தவர். 1998 ஜூலை 12ஆம் நாள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தலையால் முட்டி இரண்டு கோல்கள் போட்டு, பிரேசிலைப் பிரான்சு 3-0 என வெல்ல வழிவகுத்தார். இவரும் ஏழைப் பிள்ளைதான், மெய். ஆனால் பதினான்கு வயதில் அவரைக் கான் நகரக் கால்பந்துக் கழகம் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டது. பெற்றோரைப் பிரிந்து வந்த அந்தச் சிறுவனைக் கழக நிர்வாகி ஒருவர் தம் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். ஜிதானின் கோல்களைப் புகழ்வோர் ஆயிரவர். தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட அந்த மனிதரைப் பற்றி நம் மேடைகளில் எவரேனும் பேசக் கேட்டதுண்டா?

அநாதைக்கு அடைக்கலம்

இளமைத் துன்பத்தைப் பற்றி நம்மவர்க்கு வேறு சான்று எதற்கு? நம் பெருமானார் (ஸல்) அவர்களே பிறக்குமுன் தந்தையை இழந்தவர்கள். ஆறு வயதில் தாயையும் இழந்தவர்கள். அத்தியாயம் ளுஹாவை நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே மனனம் செய்கிறார்கள்; நாமே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருக்கிறோம். இறைவன் அங்கே தன் தூதருக்கு எதனை நினைவூட்டுகிறான்? அநாதைத் தன்மை உம்மைப் பெரியவராக்கிற்று என்று கூறுகிறானா? அநாதையாயிருந்த உமக்குப் புகலிடம் கொடுத்தோம் என்பதையல்லவா நினைவூட்டுகிறான்! நினைவூட்டிய கையோடு, எந்த அநாதையையும் அடக்கி ஒடுக்கலாகாது என்றும் கட்டளையிடுகிறான்.

பாட்டனார் அப்துல் முத்தலிபின் மடியும், பெரிய தகப்பனார் அபூதாலிபின் வீடும் இல்லாமல் அந்த வரலாறு இல்லை. அபூதாலிப் செல்வரல்லர், பிள்ளைகள் நிறைந்த, வசதி குறைந்த வீடு அது. இருந்தும் தட்டில் இன்னொரு பங்கு வைத்தார்கள். அந்த ஒரு பங்கைப் பற்றிப் பேசாமல் அநாதையின் உயர்வைப் பற்றி மட்டும் பேசுகிறவர், வேதத்தின் ஒரு பாதியை ஓதி மறுபாதியை விழுங்குகிறவராவார்.

மார்க்கத்தின் பெயரால்

இனி விருந்துப் பந்தியில் பேசியவரிடம் வருவோம். அவர் மேடைப் பேச்சாளரினும் நேர்மையானவர், மனத்திலிருந்ததைச் சொல்லிவிட்டார். அவருக்கு மார்க்கத்தின் பெயரால் ஓர் அச்சம் உண்டு. அதனை எள்ளி நகையாட மாட்டோம். ஓதியவர் என்ற முறையில் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

நம் கரையோரத்து முஸ்லிம்களிற் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி அவர்களின் "மின்ஹாஜ்" நம் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் நூல். பகடை உருட்டும் ஆட்டத்தை அந்நூல் விலக்குகிறது. சதுரங்கத்தை வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்துகிறது. பந்தயம் வைத்துப் பணம் கைமாறும் ஆட்டத்தையோ நம் சட்ட நூல்கள் முற்றிலும் விலக்குகின்றன. அந்நூலுக்குப் பேருரை கண்ட இப்னு ஹஜர் ஹைத்தமீ (மறைவு: ஹிஜ்ரி 974) அவர்கள், இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் பொதுவானதோர் அளவுகோலை வகுத்துத் தருகிறார்கள். கணக்கையும் சிந்தனையையும் ஊன்றுகோலாகக் கொண்டது விலக்கப்படாது. குருட்டு ஊகத்தை ஊன்றுகோலாகக் கொண்டது விலக்கப்படும் என்பது அதன் சாரம். விலக்கப்படாததற்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு யாது தெரியுமா? குழிகளில் கற்களை எண்ணி எண்ணி மாற்றிப் போடும் ஆட்டம்! அரபியில் அதற்கு "மன்கலா" என்று பெயர். நம் பாட்டிமார் நோன்புப் பகலில் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஆடிய பல்லாங்குழிக்கு அது உடன்பிறப்பு.

இந்த அளவுகோலால் கேரத்தை அளந்து பாருங்கள். பகடை அதில் இல்லை. குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. கண், கை, கணக்கு மூன்றும் உண்டு. பந்தயம் கூடாது, தொழுகை தவறக் கூடாது, உடை வரம்பு மீறக் கூடாது. இம்மூன்று வேலிகளும் போட்ட பின்னர், அமர்ந்த இடத்திலேயே ஆடத்தக்க இந்த ஆட்டத்தில் பெண்பிள்ளைக்கு மட்டும் உரிய குற்றம் எது? நூல் ஓதிய அன்பர்கள் நமக்கு எடுத்துக்காட்டினால் நன்றியோடு ஏற்றுக்கொள்வோம்.

ஓட்டப்பந்தயம் கூடாதென்பார் உளர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு பெருமானார் (ஸல்) அவர்களே ஓடிப் பந்தயம் வைத்ததை அபூதாவூத் பதிவு செய்கிறது. ஒரு பயணத்தில் அன்னையார் முந்தினார்கள். பல காலம் கழித்து மீண்டும் ஓடியபோது பெருமானார் முந்தி, அன்றைக்கு இன்று ஈடாயிற்று என்று சிரித்துச் சொன்னார்கள். ஒரு பெருநாளில் அபிசீனியர் ஈட்டி விளையாட்டு ஆடினார்கள். எங்கே ஆடினார்கள்? மதீனத்துப் பள்ளிவாசலில்! பெருமானார் தம் மேலாடையால் மறைத்து நிற்க, அன்னையார் தமக்குச் சலிக்கும் வரை அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசலுக்குள் விளையாட்டுக்கு இடம் கொடுத்த சமுதாயத்தின் வழிவந்தோர், மதரஸாவின் வெற்று அறையைக்கூடப் பூட்டி வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்வோம். அந்தி சாய்ந்தபின் நம் வீதிகளில் நடந்து பாருங்கள். விளக்குக் கம்பத்தடியில் நான்கு இளைஞர்கள் கேரம் ஆடுவார்கள். எட்டுப் பேர் சுற்றி நிற்பார்கள். தோற்றவர் தேநீருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று பந்தயமும் உண்டு. இஷாவுடைய பாங்கு காதில் விழுந்தும் விழாத பாவனையும் உண்டு. விலக்கப்பட்ட இரண்டும் அங்கே இருக்கின்றன. அதற்கு எவரும் ஃபத்வா கேட்டு நம்மிடம் வந்ததில்லை. பந்தயமும் இல்லாமல், தொழுகையும் தவறாமல், வீட்டுக்குள் ஒரு சிறுமி ஆடத் தொடங்கினால் மட்டும் ஃபத்வா கேட்டு ஓடி வருகிறார்கள். இது மார்க்கப் பற்றா, பழக்கப் பற்றா? அன்பர்கள் தம் நெஞ்சைத் தொட்டுக் கூறட்டும்.

நம் பிழை

பிறரைக் குறை சொல்லி நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். நம் பிழை ஒன்றையும் இங்கே எழுதியாக வேண்டும்.

சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நம்மிடம் குர்ஆன் ஓத வந்த பிள்ளைகளில் ஒருத்தி தகப்பனை இழந்தவள். தாய் வீட்டுவேலைக்குப் போக, நன்னிமாவின் கையில் வளர்ந்தாள். ஓதி முடித்ததும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடும் வேகத்தைப் பார்த்தால், தெருவில் நிற்பவர் ஒதுங்கி வழிவிடுவர். அவள் படித்த பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை ஒருநாள் நம்மைத் தேடி வந்தார். அவர் நம் மார்க்கத்தினர் அல்லர். வாசலிலேயே நின்று பணிவோடு பேசினார். "இந்தப் பிள்ளை நன்றாக ஓடுகிறாள், ஐயா. மாலையில் ஒருமணி நேரம் பயிற்சிக்கு அனுப்பினால் போதும். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் பாட்டி கேட்பார்" என்றார்.

நாம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. "தகப்பன் இல்லாத பெண்பிள்ளை, நாலுபேர் நாலுவிதமாகப் பேசுவார்கள்" என்று சொல்லி அந்த ஆசிரியையை அனுப்பிவிட்டோம். நன்னிமாவிடமும் அவ்வாறே சொன்னோம். மேலே எழுதிய ஹதீதுகள் அன்றும் நமக்குத் தெரிந்தவையே. பாடமாக ஓதிக்கொடுத்தும் வந்தோம். நாலுபேரின் பேச்சுக்கு அஞ்சியபோது அவற்றுள் ஒன்றேனும் நம் நாவில் வரவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளை என்பதனால் கூடுதலாக ஒரு கதவைத் திறந்திருக்க வேண்டிய நாம், அதனையே காரணமாக்கி இருந்த கதவையும் சாத்தினோம்.

அந்தப் பிள்ளை அதன்பின் ஓடவில்லை. ஓடியிருந்தால் வென்றிருப்பாளா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். இப்போது அவளே ஒரு தாய். சென்ற ஆண்டு தன் மகளை ஓதச் சேர்க்க வந்தாள். பெயரெழுதி முடித்ததும் எழுந்து போகாமல் நின்றாள். "ஹஜ்ரத், பள்ளிக்கூடத்தில் இவளைக் கேரம் போட்டிக்குச் சேர்க்கிறேன் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். கேள்வியில் கோபமில்லை, பழையதைச் சொல்லிக் காட்டவுமில்லை. அவள் சொல்லிக் காட்டியிருந்தால்கூட நமக்கு இத்துணை வலித்திருக்காது.

"சேர்த்துவிடு அம்மா" என்றோம். சொல்வதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

செய்ய வேண்டுவது யாது?

ஊக்கம் தரும் வரலாறு என்று ஒன்றைக் கேட்டால், கேட்டவன் ஏதேனும் செய்ய வேண்டும். கேட்டுவிட்டுக் கண் துடைத்துக்கொண்டு போவதற்குப் பெயர் ஊக்கமன்று, பொழுதுபோக்கு. ஆகவே நம் ஜமாஅத்தாரிடமும் முத்தவல்லிமார்களிடமும் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒவ்வொரு மஹல்லாவிலும், மதரஸா நடவாத வேளையில் ஓர் அறை வெறுமனே பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் மூன்று மாலைகள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட வேளையில், அதனைப் பெண்பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். இரண்டு கேரம் பலகைகள் போதும். பொறுப்புள்ள மூதாட்டி ஒருவர் உடனிருக்கட்டும். பந்தயம் இல்லை, பாங்கு சொன்னால் ஆட்டம் நிறுத்தம். வேறு விதி வேண்டாம். ஒரு விழாவின் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவு இதற்கு ஆகாது.

ஆட்டம் தெரிந்த ஆண்கள் நம் வீதிகளில் எத்தனையோ பேர். அவர்கள் முதலில் தம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். காசிமாவுக்கு ஆட்டம் வாய்த்தது தகப்பனாரின் வழியேதான் என்பதை மறவாதீர்கள்.

திறமை தெரிகிற பிள்ளை எதுவாயினும், ஆணோ பெண்ணோ, வெளியூர்ப் போட்டிக்குப் போக வண்டிக் கூலியும் உடன் செல்லும் பெரியவர்க்கான செலவும் பைத்துல்மாலிலிருந்து வழங்கப்படட்டும். வென்று வந்தபின் ஊர் கூடிப் பொன்னாடை போர்த்துவதைவிட, போகும் நாளில் ஒருவர் பேருந்து நிலையத்துக்கு வந்து வழியனுப்புவது அந்தப் பிள்ளைக்குப் பெரிது.

"இத்தனை செய்தும் நம் பிள்ளைகள் எவரும் உலகப் பட்டம் வெல்லாவிட்டால்?" என்று கேட்பீர்கள். வெல்லமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூறு பிள்ளைகள் வந்தால் தொண்ணூற்றொன்பது பேர் எந்தப் பதக்கமும் வாங்கமாட்டார்கள். நூறாவது பிள்ளையும் வாங்காமற் போகலாம். ஆயினும் குடிகாரத் தகப்பன் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு ஒரு மாலைப்பொழுது அமைதியாகக் கழியும். தாயை இழந்த பிள்ளைக்கு ஒரு மூதாட்டியின் பரிவு கிடைக்கும். தோற்றும் கைகுலுக்கி எழவும், வென்றும் செருக்கின்றி இருக்கவும் பழகுவார்கள். இவை பதக்கத்தினும் குறைந்தவை என்று நாம் கருதவில்லை. பிள்ளைப் பருவத்துத் துன்பத்தை அப்பருவத்திலேயே சற்றுக் குறைப்பது நம் கடமை. அந்தத் துன்பம் பிற்காலத்தில் பதக்கமாகத் திரும்பி வருமா என்று கணக்குப் பார்ப்பது வணிகம்.

நம் வேண்டுகோளை ஜமாஅத்தார் எப்போது ஏற்பர் என்பது தெரியாது. அதுவரை காத்திருக்கும் வயதும் நமக்கு இல்லை. ஆகவே பலகை ஒன்றை வாங்கி நம் வீட்டு முன்கூடத்திலேயே போட்டுவிட்டோம். ஓத வரும் பெண்பிள்ளைகள் நால்வர் ஓதல் முடிந்தபின் அதில் ஆடுகிறார்கள். வீட்டிலுள்ளோர் மேற்பார்வை செய்கிறார்கள். மேலே குறிப்பிட்ட அந்தத் தாயின் மகள் அந்நால்வரில் ஒருத்தி. சிவப்பைப் போட்டுவிட்டு அடுத்த காயைத் தவறவிடுவது இன்றைக்கு அவள் வழக்கம். நாளடைவில் சரியாகும், இன்ஷா அல்லாஹ்.

இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்களுள் எவரேனும் நம்மை மறுத்து எழுத விரும்பினால் எழுதட்டும், வரவேற்போம். ஆனால் எழுதுமுன் தம் மஹல்லாவில் பூட்டிக் கிடக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்துவிட்டு எழுதட்டும். வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்லெண்ணத்தையும், அதனைச் செயலாக்கும் துணிவையும் அருள்வானாக! ஆமீன்.